திரைக்கு அப்பால் துடித்த நெஞ்சு

1979ஆம் ஆண்டு, சனவரித் திங்களின் கடைசி வெள்ளிக்கிழமை. பிற்பகல் மூன்றரை மணி. ஆரணி நகரின் விளையாட்டுத் திடலில் மகளிர் எண்ணூறு மீட்டர் ஓட்டம் நடந்துகொண்டிருந்தது. கடைசி வளைவில் எல்லாருக்கும் முன்னால் ஓடிவந்த பெண், யாரும் தள்ளாமலே, எதிலும் இடறாமலே, முகங்குப்புற விழுந்தாள். பின்னால் வந்தவர்கள் அவளைக் கடந்து ஓடி முடித்தனர். வென்றவளுக்குக் கைதட்டல் எழுந்தது. விழுந்தவள் எழுந்திருக்கவில்லை என்பது கூட்டத்துக்குத் தெரியவந்தபோது, கைதட்டல் தானாக ஓய்ந்தது.

அவள் பெயர் பாஞ்சாலை. வயது பதினான்கு. அங்கயற்கண்ணி பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு மாணவி. சேவூரில் கூலிக்குப் பட்டு நெய்யும் ஜெயவேலுக்கும் ரங்கம்மாளுக்கும் ஒரே மகள். மருத்துவமனைக்குக் கொண்டு சென்றபோது உடலில் உயிர் இல்லை.

சனிக்கிழமை மாலை, பிரேதப் பரிசோதனையின் முடிவு சப் இன்ஸ்பெக்டர் மணவாளனின் மேசைக்கு வந்தது. நஞ்சு இல்லை. காயம் இல்லை. இதயத்தின் வால்வுகளுள் ஒன்று தடித்துச் சுருங்கியிருந்தது. சிறு வயதில் மூட்டுகள் வீங்கி வந்த காய்ச்சல் விட்டுச் சென்ற பழுது அது. பல ஆண்டுகளாக முற்றியது. நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்கும் எந்த மருத்துவரின் காதுக்கும் அது தப்பியிருக்க முடியாது என்று பரிசோதித்தவர் கூறினார்.

ஆனால் பத்து நாட்களுக்கு முன்னர், போட்டிக்குச் செல்லவிருந்த மாணவியர் அனைவரையும் பள்ளிக்கே வந்து சோதித்தவர் ஒருவர் இருந்தார். பாஞ்சாலை ஓடத் தகுதியுடையவள் என்று சான்றளித்தவரும் அவரே. அவர் டாக்டர் குப்புராஜ்.

ஊரார் அதற்குள் முடிவு கட்டிவிட்டனர். சனிக்கிழமை இரவே அவருடைய மருந்தகத்தின் மீது கற்கள் விழுந்தன. பாராமலே கையெழுத்திட்டு ஒரு குழந்தையைக் கொன்றுவிட்டார் என்று ஜெயவேல் புகார் கொடுத்தார். திங்கட்கிழமை நண்பகலுக்குள் டாக்டரைக் கைது செய்ய வேண்டும் என்று மேலதிகாரியிடமிருந்து தொலைபேசியில் உத்தரவும் வந்துவிட்டது.

மணவாளனுக்கு மிஞ்சியிருந்தது ஞாயிற்றுக்கிழமை ஒன்றே.

*

காலை எட்டு மணிக்கு அவர் மருந்தகத்துள் நுழைந்தபோது, உடைந்த கண்ணாடி தரையில் கிடந்தபடியே கிடந்தது. அதன் நடுவே நாற்காலியைப் போட்டு டாக்டர் குப்புராஜ் அமர்ந்திருந்தார். ஐம்பத்தெட்டு வயது. மெலிந்த உடல். வந்தவரை உட்காரச் சொல்லவும் அவருக்குத் தோன்றவில்லை.

"பாக்காமலே கையெழுத்துப் போட்டேன்னு சொல்றாங்க," என்றார். "பாத்தேன் சார். இந்தக் காதால கேட்டேன். நல்ல நெஞ்சு."

"நல்ல நெஞ்சு பத்து நாள்ல கெடுமா?"

"கெடாது."

"அப்போ?"

"அப்போ என் காது போயிடுச்சுன்னு அர்த்தம். நீங்க கைது பண்ணினாலும் பண்ணாட்டியும், அது நெசம்னா நான் இந்தத் தொழில விட்டுடணும். அன்னிக்கு இன்னும் எத்தனை புள்ளைங்கள அனுப்பினேனோ."

சோதனை நடந்த முறையை மணவாளன் விவரமாகக் கேட்டார். டாக்டர் கூறியது இது: சில ஆண்டுகளுக்கு முன்னர், வயதுக்கு வந்த பெண்களின் மார்பில் ஆண் மருத்துவர் குழாய் வைப்பதா என்று பெற்றோர் சிலர் பள்ளிக்கு வந்து சண்டையிட்டனர். ஊரில் பெண் மருத்துவர் கிடைக்கவில்லை. அதன்பின் ஓர் ஏற்பாடு செய்யப்பட்டது. பள்ளியின் பெரிய கூடத்தில் ஒரு மூலையில், சுவருக்குச் சுவர் கயிறு கட்டி, ஒரு பழைய புடவையைத் திரையாகத் தொங்கவிட்டனர். ஒவ்வொரு மாணவியும் முதலில் டாக்டரின் முன்னால் வந்து நிற்பாள். அவர் கண், நாக்கு, பல் பார்ப்பார். பிறகு அவள் திரைக்குப் பின்னால் செல்வாள். டாக்டர் திரையை ஒட்டி முக்காலியில் அமர்ந்து ஸ்டெதாஸ்கோப்பைக் காதில் மாட்டிக்கொள்வார். அதன் மறுமுனை, அதாவது நெஞ்சில் வைக்கும் வட்டத் தகடு, புடவையின் இடைவெளி வழியாக உள்ளே செல்லும். உள்ளே நிற்கும் டிரில் டீச்சர் விருத்தாம்பாள் அதை வாங்கி, டாக்டர் சொல்லும் இடத்தில் வைப்பார்.

"பாஞ்சாலை முகத்தைப் பார்த்தீர்களா?"

"பாத்தேன். கண்ணு இமைய எறக்கிக்கூடப் பாத்தேன். எனக்குத் தெரிஞ்ச பொண்ணுதான்."

"திரைக்குப் பின்னால் கேட்டது என்ன? ஒன்று விடாமல் சொல்லுங்கள்."

டாக்டர் கண்களை மூடிக்கொண்டார். "நிதானமான துடிப்பு. கனமா, ஒரே சீரா இருந்துது. அன்னிக்குக் கேட்டதுலயே அமைதியான நெஞ்சு அதுதான். ரெண்டு ஒலிக்கும் நடுவுல ஒரு சின்னச் சொடுக்கு, நகத்தால தட்டினாப்பல. அது சிலருக்கு இருக்கும்; கெடுதல் ஒண்ணும் கெடையாது. ஓட்டக்காரிக்கு ஏத்த நெஞ்சுன்னு டீச்சருகிட்டயே சொன்னேன்."

மணவாளன் மேசை மேலிருந்த ஸ்டெதாஸ்கோப்பை எடுத்துத் தம் காதுகளில் மாட்டிக்கொண்டார். தெருவில் போன மாட்டு வண்டியின் ஓசை சட்டென மங்கியது. தகட்டைத் தம் மார்பில் வைத்தார். கண்ணாடித் தூசி தொண்டையில் பட்டதால் இருமல் வந்தது. உடனே முகத்தைச் சுளித்துக் குழாயைக் கழற்றினார்.

"காதுல வெடி வச்சாப்பல இருக்கு," என்றார்.

"தகடு வச்ச நெஞ்சுலேர்ந்து தும்மல் வந்தாலும் அப்படித்தான் சார் இருக்கும்," என்றார் டாக்டர் சுரத்தில்லாமல்.

*

பத்து மணிக்கு மணவாளன் பள்ளிக்குச் சென்றார். பள்ளிப் பணியாள் பச்சையம்மாள் கூடத்தைத் திறந்துவிட்டார். சோதனை நாளன்று எடை பார்க்கும் கருவியருகே, திரைக்கு நேர் எதிரில் நின்றிருந்தவர் இவர். கயிறு கட்டிய மூலையை மணவாளன் சுற்றிப் பார்த்தார். இரு பக்கமும் சுவர். சன்னல் இல்லை. கதவு இல்லை.

ஒரே நேரத்தில் இருவர் உள்ளே போனதுண்டா என்று கேட்டார். இல்லை என்றார் பச்சையம்மாள். ஒருத்தி வெளியே வந்த பிறகே அடுத்தவள் போவாள். இல்லாவிட்டால் விருத்தாம்பாள் டீச்சர் அதட்டுவார். வேறொரு பெண் முன்கூட்டியே உள்ளே ஒளிந்திருக்க முடியுமா என்றும் கேட்டார்.

"புடவ முட்டிக்கு மேலதாங்க தொங்கும். காலெல்லாம் நல்லாத் தெரியும். டீச்சரு காலு ரெண்டு, புள்ள காலு ரெண்டு. அவ்ளோதாங்க."

ஆள்மாறாட்டம் நடக்கவில்லை. உள்ளே சென்ற பாஞ்சாலையே வெளியேயும் வந்தாள்.

விருத்தாம்பாள் டீச்சர் மைதானத்தை ஒட்டிய அறையில் இருந்தார். முப்பது வயதிருக்கும். திருமணம் ஆகாதவர். நாள்தோறும் விடியற்காலையில் மாணவியரோடு தாமும் ஓடுபவர் என்று பச்சையம்மாள் சொல்லியிருந்தார். சுவரில், முடிவுக் கோட்டுக் கயிற்றை நெஞ்சால் அறுத்துக்கொண்டு ஓடும் அவருடைய பள்ளிப் பருவப் படம் ஒன்று தொங்கியது. அவருடைய கண்கள் அழுது வீங்கியிருந்தன. அந்த அழுகையில் பொய் இல்லை என்று மணவாளனுக்குத் தோன்றியது.

டாக்டர் சொன்ன இடத்தில்தான் தகட்டை வைத்தீர்களா என்று கேட்டார்.

"அவரு சொன்ன எடத்துலதான் வச்சேன். அந்தப் புள்ள வெக்கப்பட்டுகினு, தேம்பித் தேம்பி அழுதுகினே இருந்தா. ஒரு கையால தோளப் புடிச்சு நிறுத்தி வச்சேன். ரெண்டு நிமிஷம் கேட்டுட்டு, நல்லா இருக்குதுன்னாரு. அவருக்கு வயசாயிடுச்சு சார். நாம இன்னா பண்றது?"

அதற்கு முன்னர் பாஞ்சாலை மயங்கி விழுந்ததுண்டா என்ற கேள்விக்கு, இல்லை என்று சற்று வேகமாகவே விடை வந்தது.

*

சேவூரில் அன்று தறிகளின் ஓசை இல்லை. ஜெயவேல் வாசலில் தலைகுனிந்து அமர்ந்திருந்தார். மகளுக்கு ஓட்டத்தில் இடம் கிடைத்தால், சென்னையில் விளையாட்டு விடுதியில் தங்கி இலவசமாகப் படிக்கலாம் என்று டீச்சர் வீட்டுக்கே வந்து சொன்னாராம். கிடைக்காவிட்டால் பள்ளியை நிறுத்திவிட்டுத் தறியில் கரை வாங்க, அதாவது புடவைக் கரைக்கான நாடாவைத் தள்ளிக் கொடுக்க, உட்கார வேண்டும் என்று ஜெயவேல் சொல்லியிருந்தார்.

ரங்கம்மாள் அழவில்லை. படியேறினால் மகளுக்கு மூச்சு வாங்கும் என்பது அவளுக்குத் தெரியும். ஓடவிடத் தயங்கினாள். டாக்டர் நெஞ்சைப் பார்த்துவிட்டார் என்று மகள் சொன்ன பிறகே சம்மதித்தாள்.

"டாக்டரு கேட்டாரா இல்லியா, அத மட்டும் தெரிஞ்சுகினு வந்து சொல்லுங்க," என்றாள். "எனக்கு வேற ஒண்ணும் வேணாம்."

பக்கத்துத் தெருவில் பாஞ்சாலையின் தோழி செல்லம்மாள் இருந்தாள். சோதனை வரிசையில் பாஞ்சாலைக்கு அடுத்து நின்றவள். பாஞ்சாலை இருமுறை பயிற்சியின்போது மயங்கி உட்கார்ந்தாள் என்றும், டீச்சர் குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்து, யாரிடமும் சொல்லாதே என்றார் என்றும் அவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"அன்று திரைக்குப் பின்னால் பாஞ்சாலை அழுதாளாமே?"

"ஆமாங்க சார். உள்ள போனதுலேர்ந்து விக்கி விக்கி அழுதா. நாங்க வெளில நின்னுகினு கிண்டல் பண்ணிகினு இருந்தோம், ஊசி போடறாங்கடின்னு. நிறுத்தவே இல்ல."

"வெளியே வந்து என்ன சொன்னாள்?"

"ஒண்ணும் சொல்லல. சாயங்காலம் வூட்டுக்குப் போறப்போ, டீச்சருதான்டி எனக்கு சாமின்னா. ஏன்டின்னு கேட்டேன். சொல்லல."

மணவாளன் பிறகு சைக்கிளைத் திருப்பிக்கொண்டு நிலையத்துக்குச் சென்று, பெண் காவலர் ஒருவரை மறுநாள் காலை ஆரணிக்கு அனுப்புமாறு வேலூருக்குத் தொலைபேசியில் கேட்டுக்கொண்டார்.

*

திங்கட்கிழமை காலை ஒன்பது மணி. அதே கூடம். அதே மூலையில் அதே புடவை கட்டப்பட்டிருந்தது. ஜெயவேலும் ரங்கம்மாளும் ஓர் ஓரத்தில் அமர்த்தப்பட்டனர். டாக்டர் குப்புராஜ் வெளியே காத்திருந்தார்.

மணவாளன் பொதுவாக அறிவித்தார். டாக்டரின் காது பழுதா இல்லையா என்று கைதுக்கு முன் சோதித்துவிட விரும்புகிறோம். திரைக்குப் பின்னால் மூவர் நிற்க வேண்டும். யார் யார் என்பது டாக்டருக்குத் தெரியாது. பெண் காவலர் தகட்டைப் பிடிப்பார். ஒவ்வொரு நெஞ்சையும் கேட்டு, அதன் இயல்பை டாக்டர் சொல்ல வேண்டும். செல்லம்மாள், பச்சையம்மாள், விருத்தாம்பாள் டீச்சர் மூவரும் உதவுவார்களா?

விருத்தாம்பாளுக்கு இதில் மறுக்க ஒன்றுமில்லை. சோதனை டாக்டருக்கு. தோற்றால் பழி அவருடையது. மூவரும் புடவைக்குப் பின்னால் சென்றனர். கால்கள் தெரியாதபடி கீழே ஒரு பெஞ்சு சாய்த்து வைக்கப்பட்டது.

டாக்டர் அழைக்கப்பட்டார். முக்காலியில் அமர்ந்து குழாயை மாட்டிக்கொண்டார்.

முதல் நெஞ்சு. "சின்னப் பொண்ணு," என்றார். "பயத்துல வேகமா அடிக்குது. கோளாறு இல்ல."

இரண்டாம் நெஞ்சு. "வயசானவங்க. மூச்சுல சளி இழுக்குது. வைத்தியம் பாத்துக்கணும்."

மூன்றாம் நெஞ்சு. டாக்டர் தலையைச் சாய்த்தார். பின்னர் தகட்டைச் சற்று இடப்புறம் நகர்த்தச் சொன்னார். குழாயை மெல்லக் கழற்றினார்.

"இது எப்படி சார்?" என்றார். "இதுதான் அன்னிக்கு நான் கேட்ட நெஞ்சு. அதே கனம். நடுவுல அதே சொடுக்கு. இது பாஞ்சாலை நெஞ்சு."

மணவாளன் புடவையை விலக்கினார். தகட்டைப் பிடித்திருந்த பெண் காவலரின் எதிரில் விருத்தாம்பாள் நின்றிருந்தார்.

"டீச்சர்," என்றார் மணவாளன், "டாக்டரின் காதுக்கு ஒன்றுமில்லை. அவர் அன்று கேட்டது நல்ல நெஞ்சைத்தான். ஆனால் அது உங்களுடையது."

பிறகு ஒவ்வொன்றாக விளக்கினார். உள்ளே சென்றவள் பாஞ்சாலை. வெளியே வந்தவளும் பாஞ்சாலை. மூன்றாமவர் உள்ளே இல்லை. பத்து நாளில் வால்வு கெடாது. டாக்டர் பொய் சொல்லவில்லை என்றால், திரைக்குப் பின்னால் இருந்த இரண்டு நெஞ்சுகளுள் மற்றதன் மீது தகடு இருந்திருக்க வேண்டும். பழுதான நெஞ்சின் ஓசை தகடு தவறான இடத்தில் இருந்ததால் கேட்காமல் போயிருக்கலாமே என்ற ஐயம் அவருக்கும் எழுந்தது. அதைத் தீர்த்தது ஒரே செய்தி. பாஞ்சாலை உள்ளே இருந்த நேரம் முழுவதும் விக்கி அழுதாள். வரிசையில் நின்ற தோழி சொன்னாள். டீச்சரும் தாமே சொன்னார். ஆனால் டாக்டர் அன்று கேட்டவற்றுள் மிக அமைதியான நெஞ்சு அதுதான். குழாய் காதை அடைத்திருந்ததால் வெளியே கேட்ட அழுகை அவருக்கு எட்டவில்லை.

"நான் ஒருமுறை இருமினேன், குழாய்க்குள் வெடி வைத்தது போல் இருந்தது. மார்பில் எந்த இடத்தில் தகட்டை வைத்திருந்தாலும், விக்கி அழும் குழந்தையின் நெஞ்சு டாக்டரின் காதைத் துளைத்திருக்கும். அழுதவள் ஒருத்தி. தகடு இருந்தது மற்றொருவர் மேல். அவள் அழுததை மறைக்க வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றவில்லை. அழுகை வெளியே மட்டுந்தான் கேட்கும், குழாய்க்குள் கேட்காது என்று எண்ணிவிட்டீர்கள்."

விருத்தாம்பாள் சாய்த்திருந்த பெஞ்சின் விளிம்பில் அமர்ந்தார்.

"பதினஞ்சு வயசுல என்னையும் நிறுத்தினாங்க," என்றார். "மாகாணப் போட்டிக்குப் போற அன்னிக்கு ஒரு டாக்டரு குழாய வச்சுட்டு, சொடுக்கு கேக்குது, ஓடினா செத்துடுவன்னாரு. எங்கப்பா பூட்டி வச்சுட்டாரு. அப்புறம் பாத்தவங்க எல்லாம் அது ஒண்ணுமே இல்லன்னாங்க. பதினஞ்சு வருஷமா ஓடிகினுதான் இருக்கேன். எனக்கு இன்னா ஆச்சு? அவ உள்ள வந்து, டீச்சர் என்னத் தறியில உக்கார வச்சுடுவாங்கன்னு அழுதா. தோளப் புடிச்சேன். நெஞ்சு படபடன்னு கையில அடிக்குது. இவரும் நிறுத்திடுவாருன்னு தெரிஞ்சுது. குழாய என் ரவிக்கைக்குள்ள வச்சுகினேன்."

"உங்கள் நெஞ்சில் அந்த டாக்டர் சொன்னது தவறு," என்றார் மணவாளன். "அவள் நெஞ்சில் அது உண்மை. இரண்டையும் பிரித்துச் சொல்வதற்காகத்தான் இவரை அழைத்து அங்கே உட்கார வைத்தீர்கள்."

பெண் காவலர் விருத்தாம்பாளை எழுப்பி வெளியே அழைத்துச் சென்றார். தாழ்வாரத்தில் நின்றிருந்த மாணவியருள் இருவர் வழக்கம்போல் வணக்கம் சொல்லிவிட்டு, பிறகு கைகளை இறக்கிக்கொண்டனர்.

டாக்டரைக் கைது செய்ய வேண்டிய காரணம் இப்போது இல்லை என்று மணவாளன் தெரிவித்தார். ஜெயவேல் எழுந்து வந்து, கல்லெறிந்தவர்களுள் தாமும் ஒருவர் என்று சொல்லிக் கைகூப்பினார். டாக்டர் குப்புராஜ் தலையசைத்தார். மூன்று நாட்களாக வளைந்திருந்த அவர் முதுகு சற்றே நிமிர்ந்தது.

அப்போது ரங்கம்மாள் எழுந்து அவர் எதிரில் வந்து நின்றாள்.

"எனக்கு வெவரமாச் சொல்லத் தெரியாதுங்க," என்றாள். "அப்போ எம் பொண்ணு நெஞ்ச நீங்க கேக்கவே இல்லீங்களா?"

மூன்று நாட்களாகக் கேட்டவர் அனைவரிடமும், கேட்டேன், கேட்டேன் என்றே சொல்லி வந்த மனிதர் அவர். பெற்றோர் சண்டைக்கு அஞ்சி, துணிக்கு இந்தப் பக்கம் உட்கார ஒப்புக்கொண்டவரும் அவரே.

"இல்லம்மா," என்றார். "கேக்கவே இல்ல."